காற்று இருந்தும் புழுக்கம்

கோடைக்கால வானிலை அறிக்கைகளில், வெப்பநிலையும் ஈரப்பதமும் ஒருசேர மிகும்போது ஓரிரு இடங்களில் "அசௌகரியம்" ஏற்படலாம் என்ற எச்சரிக்கை அண்மைக்காலமாக அடிக்கடி இடம்பெறுகிறது. பேருந்தில் உட்கார இடம் கிடைக்காததும் அசௌகரியம், சாலை தோண்டப்பட்டிருப்பதும் அசௌகரியம் என்றிருக்க, கடலோர ஊரில் மே மாத நள்ளிரவில் தலையணை நனைய விழித்துக் கிடப்பவரின் நிலைக்கும் அதே சொல்லைக் கொடுப்பது, சொல்வளம் மிக்க ஒரு மொழிக்குச் செய்யும் சிறு அநீதியாகும். அந்த நிலைக்கென்றே தமிழில் புழுக்கம் என்ற சொல் இருக்கிறது. (அறிக்கை எழுதுவோரும் வீட்டுக்குப் போய்ச் சட்டைப் பொத்தானைக் கழற்றியபடி "ஒரே அசௌகரியமா இருக்கு" என்று சொல்வதில்லை, "என்ன புழுக்கம்!" என்றுதான் சொல்வார்கள்.)

இச்சொல்லோடு சேர்ந்தே வழங்கும் மற்றொரு தொடர் "காத்தே இல்ல" என்பது. அறிவியலின்படி பார்த்தால் இது பெரும் மிகைக்கூற்று. 4 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சாதாரணப் படுக்கையறையில் 36 கன மீட்டர் காற்று அடங்கியிருக்கும். அதன் எடை ஏறத்தாழ 40 கிலோ. 40 கிலோ காற்றுக்கு நடுவே படுத்துக்கொண்டு காற்றே இல்லை என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. தமிழில் காற்று என்பது நிறைந்திருக்கும் பொருளையும் குறிக்கும், வீசும் இயக்கத்தையும் குறிக்கும். அவர் குறிப்பிடுவது இரண்டாவதை. புழுக்கத்தில் இல்லாமல் போவது காற்று அன்று, காற்றின் போக்குவரத்து. அது நின்றதும் உள்ளே இருக்கும் வெப்பமும் ஈரமும் வெளியேற வழியின்றி ஒன்றோடொன்று அடைபட்டுக் கிடக்கின்றன. வெப்பம், ஈரம், அடைப்பு ஆகிய மூன்றும் கூடிய நிலையே புழுக்கம் என்பதும், இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் தமிழர் வேறு சொல்லைத் தேடுவர் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

அந்த வேறு சொற்களை வரிசைப்படுத்தினால் இது விளங்கும். வெயில் என்பது சூரியனிடமிருந்து நேரே வருவது. நிழலுக்குள் நுழைந்ததும் அது முடிந்துவிடும். வெக்கை என்பது வெயிலில் காய்ந்த சுவரோ தரையோ அடுப்போ திருப்பி உமிழ்வது. மொட்டைமாடிக்குக் கீழே உள்ள அறையில் இரவு பத்து மணிக்கும் மேற்கூரையிலிருந்து இறங்குவது அதுதான். அனல் என்பது வறண்டு வீசுவது. அங்கே காற்றுக்குப் பஞ்சமில்லை, ஈரத்துக்குத்தான் பஞ்சம். இறுக்கம் என்பது இலையும் அசையாத நிலை; அதில் அடைப்பு இருக்கிறது, வெப்பம் கட்டாயமில்லை. வேக்காடு என்பது புழுக்கத்துக்கு மிக நெருங்கிய உறவு. ஆயினும் பேசுபவரின் எரிச்சல் அதில் ஒரு படி கூடுதலாக ஒலிக்கும். ஆகவே "வேலூரில் வெயில் கொளுத்துகிறது, சென்னையில் புழுங்குகிறது" என்று ஒருவர் சொல்லும்போது, அவர் இரண்டு ஊர்களின் தட்பவெப்பத்தைப் பற்றி ஒரு வெப்பமானி சொல்லக்கூடியதைவிட மிகுதியாகவே சொல்லிவிடுகிறார்.

சொல்லின் இலக்கணமும் கவனிக்கத்தக்கது. மயங்கு என்பதிலிருந்து மயக்கமும், நடுங்கு என்பதிலிருந்து நடுக்கமும் பிறப்பதைப் போலப் புழுங்கு என்பதிலிருந்து புழுக்கம் பிறக்கிறது. புழுங்கு என்பது தன்வினை, அதாவது செயல் தனக்குத் தானே நிகழ்வது. புழுக்கு என்பது பிறவினை, அதாவது ஒருவர் மற்றொன்றை அந்நிலைக்கு உள்ளாக்குவது. (அடங்கு, அடக்கு என்பனவும் ஒடுங்கு, ஒடுக்கு என்பனவும் இவ்வாறே இணையாக நிற்கும்.) மழை பெய்கிறது, காற்று வீசுகிறது, வெயில் அடிக்கிறது என்ற வாக்கியங்களில் செய்பவர் என ஒன்றைச் சுட்ட முடியும், "புழுங்குது" என்பதில் அப்படிச் சுட்டுவதற்கு எதுவுமில்லை. குளிர்கிறது, வியர்க்கிறது என்பவற்றைப் போல எழுவாய் இன்றியே முழுமை பெறும் வினை அது. குற்றம் சாட்ட ஓர் ஆள் கிடைக்காததும் புழுக்கத்தின் துன்பத்தில் ஒரு பகுதியாக இருக்கலாம்.

பழந்தமிழில் இச்சொல்லின் முதன்மையான இருப்பிடம் அடுக்களையாகும். புழுக்கு, புழுக்கல் என்ற வடிவங்கள் சங்க இலக்கியத்தில் வேகவைத்த உணவைக் குறித்து வருகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் முல்லை நிலத்து மக்கள் வரகுச் சோற்றுடன் அவரைப் புழுக்கைச் சேர்த்து விருந்தினருக்கு அளிப்பது பேசப்படுகிறது. மலையாளத்தில் இப்பொருள் இன்றும் உயிரோடு இருக்கிறது. அங்கே மரவள்ளியும் முட்டையும் புழுக்கப்படுகின்றன, திருவாதிரை நாளில் கிழங்குகளும் பயறும் சேர்த்துச் செய்யும் பண்டத்தின் பெயரே புழுக்கு. தமிழில் முட்டையும் கிழங்கும் "அவித்தல்" பக்கம் போய்விட, சமையல் பொருளில் புழுங்குதல் அரிசியோடு மட்டும் ஒட்டிக்கொண்டது. இட்லி மாவுக்கு அரிசி வாங்கும் ஒவ்வொரு வீட்டிலும் புழுங்கல் என்ற சொல் அன்றாடம் புழங்குவதால்தான், வானிலைக்கு அது பயன்படும்போது அதன் அடிப்படைப் பொருள் காதில் விழாமல் போகிறது.

நெல் புழுக்கும் முறையை அருகிருந்து பார்த்தவருக்கு, வேகவைத்தல் என்ற அந்த அடிப்படைப் பொருளை விளக்கத் தேவையில்லை. ஊறவைத்த நெல்லைப் பெரிய அண்டாவில் இட்டு, அடியில் சிறிதளவே நீர் விட்டு, வாயை ஈரச் சாக்கால் மூடித் தீ எரிப்பார்கள். கொதிநீரில் மூழ்கி வேகுவது அடியில் கிடக்கும் நெல் மட்டும். மேலே உள்ளது முழுவதும் தன்னைச் சூழ்ந்த ஆவியிலேயே வேகுகிறது. சாக்கின் ஓரத்தில் ஆவி கசிந்து, மேலடுக்கு நெல் வாய் பிளக்கத் தொடங்கியதும் இறக்கிக் களத்தில் பரப்பிக் காயவைப்பார்கள். சாக்கு இல்லையேல் புழுக்கல் இல்லை. வெப்பத்தை நெருப்பு தருகிறது, ஈரத்தை நீர் தருகிறது. ஆனால் அவ்விரண்டையும் தப்பவிடாமல் பிடித்து வைப்பது அந்தச் சாக்குதான். மே மாதப் படுக்கையறையில் சாக்கின் வேலையைச் சாத்திய சன்னலும் மேகம் மூடிய வானமும் செய்கின்றன.

(இவ்வாறு அடைத்து வேகவைப்பதால் நெல்லுக்கு நன்மையே விளைகிறது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். தவிட்டில் உள்ள பி வகை உயிர்ச்சத்துகள் ஆவியின் ஈரத்தோடு அரிசியின் உட்பகுதிக்கு நகர்கின்றன. மாவுப்பொருள் இறுகி விரிசல்கள் மூடுவதால், அரைக்கும்போது குருணையும் குறைகிறது. மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் 1907-இல் வெளியிட்ட நூலில், தீட்டிய வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி நோய் தாக்கியதையும், அதே நாட்டில் புழுங்கல் அரிசி உண்ட தமிழ்த் தொழிலாளர்கள் பெரும்பாலும் தப்பியதையும் சுட்டிக்காட்டினார். கெட்டுப்போன அரிசியில் நஞ்சு இருப்பதாக அவர் கருதியது பின்னர் தவறென்று தெரிந்தது. குறையாக இருந்தது தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்து. காரணம் பிழையானாலும் கவனிப்பு சரியாகவே இருந்தது.)

இனி உடலுக்கு வரலாம். ஓய்வில் இருக்கும் ஒரு மனித உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு இடைவிடாமல் வெப்பத்தை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது; அதை வெளியேற்றினால்தான் உள்வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கும். சுற்றியுள்ள காற்று தோலைவிடக் குளிர்ச்சியாக இருந்தால் வெப்பம் தானாகவே வெளியே போகும். காற்றும் தோலும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலைக்கு வந்துவிட்டால் மிஞ்சும் ஒரே வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 2,400 கிலோஜூல் வெப்பம் உடலைவிட்டு நீங்கும். அது ஓய்வில் இருக்கும் உடல் ஆறரை மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பத்துக்குச் சமம். இதில் அடிக்கோடிட வேண்டிய சொல் "ஆவியானால்" என்பது. ஆவியாகாமல் முதுகில் வழிந்து பனியனை நனைக்கும் வியர்வை, உடலின் நீரையும் உப்பையும் கொண்டுபோகிறதே தவிர, வெப்பத்தைக் கொண்டுபோவதில்லை. வியர்வை மிகுதியாக இருப்பதால் புழுங்குகிறது என்று கருதுவோர் உண்டு. உண்மையில் வியர்வை உலராமல் நிற்பதால்தான் புழுங்குகிறது.

வேலூரில் ஒரு நண்பகலில் 41 டிகிரி வெப்பமும் 25 விழுக்காடு ஈரப்பதமும், சென்னைக் கடற்கரையோரம் 35 டிகிரி வெப்பமும் 70 விழுக்காடு ஈரப்பதமும் இருப்பதாகக் கொள்வோம். செய்தியின் முதல் வரியில் இடம்பெறுவது வேலூராகவே இருக்கும். ஆனால் வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றி, அத்துணியின் நீர் ஆவியாகும்போது அது எந்த அளவுக்குக் குளிர்கிறது என்று அளந்தால் (இதையே ஈரக்குமிழ் வெப்பநிலை என்பர்), வேலூரில் ஏறத்தாழ 25 டிகிரியும் சென்னையில் ஏறத்தாழ 30 டிகிரியும் கிடைக்கும். ஈரத்துணி சுற்றிய குமிழ் என்பது வியர்த்த தோலுக்கு ஈடானது. ஆகவே உடலைக் குளிர்விக்கும் வாய்ப்பைப் பொறுத்தவரை, ஆறு டிகிரி வெப்பம் குறைந்த சென்னையே மோசமான நிலையில் இருக்கிறது. ஈரக்குமிழ் வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால், நிழலில் சும்மா இருக்கும் உடல்நலம் மிக்கவராலும் பல மணி நேரம் தாக்குப்பிடிக்க இயலாது என்ற வரம்பை ஷெர்வுட், ஹூபர் ஆகிய ஆய்வாளர்கள் 2010-இல் முன்வைத்தனர். மனிதர்களைக் கொண்டு பின்னர் நடத்தப்பட்ட சோதனைகள், உண்மையான வரம்பு அதைவிடவும் தாழ்ந்தது என்றே காட்டின.

புழுக்கத்தைப் போக்க வீடுகளில் நடக்கும் சோதனைகளும் தோல்விகளும் தனி இலக்கியத்துக்கு உரியவை. முதலில் மின்விசிறி. அது அறையைக் குளிர்விப்பதே இல்லை. பழைய வகை விசிறி 75 வாட் அளவுக்கு மின்சாரத்தை இழுத்து அறையைச் சிறிதளவு சூடாக்கவே செய்கிறது. அது செய்யும் உதவி வேறு: தோலை ஒட்டி ஈரத்தால் நிறைந்துபோன மெல்லிய காற்றுப் படலத்தை விலக்கி, ஓரளவு உலர்ந்த காற்றை அங்கே கொண்டுவந்து, வியர்வை உலர வழி செய்கிறது. (அதனால்தான் ஆளில்லாத அறையில் விசிறி ஓடுவதைக் கண்டு வீட்டுப் பெரியவர்கள் சத்தம் போடுவது மின்கட்டண நோக்கில் மட்டுமன்றி இயற்பியல் நோக்கிலும் நியாயமாகிறது.) காற்றே 40 டிகிரிக்கு மேல் சூடாக இருக்கும் நாளில் விசிறியை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது.

அடுத்தது ஏர்கூலர். நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விப்பது அதன் முறை என்பதால், வறண்ட உள்மாவட்டங்களில் அது நன்றாகவே உழைக்கிறது. அதையே கடலோர ஊரில் வாங்கி, குளிர்ச்சி வெளியே போய்விடக் கூடாது என்று கதவையும் சன்னலையும் சாத்திவிட்டு ஓடவிட்டால், முதல் பத்து நிமிடம் இதமாக இருக்கும். அதன்பின் அறைக் காற்றில் நீராவி ஏற ஏற, வெப்பமும் ஈரமும் அடைப்பும் ஒருங்கே கூடி, மேலே விவரித்த அண்டா முறை வீட்டுக்குள்ளேயே தொடங்கிவிடும். ஏர்கூலருக்குச் சன்னல் திறந்திருக்க வேண்டும் என்பது விற்பனைச் சீட்டில் எழுதப்படுவதைவிடப் பட்டுத் தெரிந்துகொள்ளப்படுவதே மிகுதி.

மூன்றாவது ஏசி. அது வெப்பத்தைக் குறைப்பதோடு காற்றின் ஈரத்தையும் பிரித்தெடுக்கிறது. வெளிச்சுவரில் தொங்கும் குழாயிலிருந்து சொட்டும் நீர், சற்று முன்வரை அறைக்குள் புழுக்கமாக இருந்த நீர்தான். 1902-இல் வில்லிஸ் கேரியர் இதன் முன்னோடிக் கருவியை வடிவமைத்தபோது அவருக்கு முன் இருந்த சிக்கல் மனிதரின் வியர்வை அன்று. நியூயார்க்கின் புரூக்ளினில் இருந்த ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் காகிதம் விரிந்தும் சுருங்கியும் வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போனதே சிக்கல். (சிவகாசியில் தீப்பெட்டியும் பட்டாசும் அச்சுத்தொழிலும் ஒருசேர வேரூன்றியதற்கு அவ்வூரின் வறண்ட தட்பவெப்பம் ஒரு காரணம் என்பது இங்கே நினைக்கத்தக்கது.) நூற்பாலைகளில் இதற்கு நேர்மாறான ஏற்பாடு. உலர்ந்த காற்றில் பருத்தி இழை அறுந்துபோகும் என்பதால் அங்கே காற்றில் செயற்கையாக ஈரம் ஏற்றப்படுகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 13-ஆம் பிரிவில் காற்றோட்டத்தையும் வெப்பநிலையையும் பற்றிப் பேசிவிட்டு, 15-ஆம் பிரிவில் இந்தச் செயற்கை ஈரமூட்டலுக்கென்றே தனி விதிகளுக்கு இடம் வைத்திருந்தது. காகிதத்துக்காகப் புழுக்கம் குறைக்கப்பட்டது, நூலுக்காகக் கூட்டப்பட்டது. அச்சக, ஆலைத் தொழிலாளியின் முறை அதன் பிறகே வந்தது.

சென்னையின் ஒரு கோடை நாளை எடுத்துக்கொண்டால் புழுக்கத்தின் நேரக் கணக்கு விளங்கும். முற்பகலில் மேற்கிலிருந்து வறண்ட தரைக்காற்று வீசும். பிற்பகலில் கடற்காற்று உள்ளே நுழையும். ஒன்று ஓய்ந்து மற்றொன்று எழாத இடைவேளையில்தான் "ஒரு இலைகூட அசையல" என்ற பேச்சு எழுகிறது. மேற்குக் காற்று வலுத்திருக்கும் நாள்களில் கடற்காற்றின் வருகை தள்ளிப்போகும். அன்று கடலுக்கு நெருக்கமான நுங்கம்பாக்கத்தைவிட உள்ளே தள்ளியிருக்கும் மீனம்பாக்கத்தில் வெப்பநிலை பெரும்பாலும் கூடுதலாகப் பதிவாகும். கடற்காற்று வந்ததும் வெப்பம் இறங்கும், ஈரம் ஏறும். வீசிக்கொண்டிருக்கும் வரை அது சுகம், இரவில் நின்றதும் புழுக்கம். அக்னி நட்சத்திரம் எனப்படும் கத்திரி வெயில் முடிந்த பிறகும் "வெயில் குறைஞ்சுது, புழுக்கம் குறையல" என்று மக்கள் சொல்வது இதனால்தான்.

"ரொம்பப் புழுங்குது, மழை வரும்" என்ற கணிப்பையும் வெறும் நம்பிக்கை என்று தள்ளிவிட முடியாது. மழைக்கு முன் தாழ்வான அடுக்குகளில் ஈரம் சேர்வதும், காற்று அடங்குவதும், மேகம் மூடியிருப்பதால் தரையின் வெப்பம் இரவில் விண்ணுக்குத் தப்பாமல் கீழேயே தங்குவதும் உண்மையாகவே நிகழக்கூடியவை. ஆனால் புழுங்கிய இரவெல்லாம் மழையில் முடிவதில்லை. பொய்த்த கணிப்புகளை யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை என்பது இக்கணிப்பின் புகழுக்குத் துணை செய்கிறது.

மனத்துக்கு இச்சொல் வழங்கும்போதும் அதே மூன்று கூறுகள் தொடர்கின்றன. கோபம் கொதிக்கிறது, பொறாமையில் வயிறு எரிகிறது, ஆத்திரம் வெடிக்கிறது, துக்கம் பொங்குகிறது. இவை யாவும் ஏதோ ஒரு வழியில் வெளியே வந்துவிடுகின்றன. புழுக்கத்துக்கு மட்டும் வெளிவழி இல்லை என்பதால், "உள்ளுக்குள்ளேயே" என்ற சொல் அதற்கு நிழலாகத் தொடர்கிறது. பதவி உயர்வு மறுக்கப்பட்டும் அதிகாரியிடம் கேட்க முடியாத எழுத்தர், மாமியார் வீட்டில் வாய் திறக்க இடமில்லாத மருமகள், அண்ணன் தம்பி பாகப்பிரிவினையில் ஏமாந்தும் ஊருக்காகச் சிரித்துப் பேசுபவர் ஆகியோர் புழுங்குவார்கள். சண்டை போட்டுவிட்டவர் புழுங்குவதில்லை. இங்கும் இலக்கணம் துணைக்கு வருகிறது. நெல்லைப் புழுக்கலாம், மனிதரை யாரும் "புழுக்கினார்" என்று சொல்லும் வழக்கு இல்லை. மனப்புழுக்கத்துக்குக் காரணமானவர் வாக்கியத்துக்குள் வராமலேயே தப்பிவிடுகிறார்.

இத்தனை நுட்பமுள்ள சொல் அறிவியலுக்கு ஏற்றதன்று, அளந்து சொல்ல முடியாதது என்று ஒரு மறுப்பு எழக்கூடும். அதற்கான விடை 1979-இலேயே கிடைத்துவிட்டது. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து உடல் எவ்வளவு வெப்பத்தை உணரும் என்று கணக்கிடும் முறையை ராபர்ட் ஸ்டெட்மன் அவ்வாண்டில் வெளியிட்டார். இன்று கைப்பேசிச் செயலிகள் "உணரப்படும் வெப்பம்" என்று காட்டும் எண்ணின் முன்னோடிகளுள் ஒன்றான அந்த ஆய்வு, தலைப்பிலேயே புழுக்கத்தை மதிப்பிடுவதாகத்தான் அறிவித்துக்கொண்டது. அறிவியலே தயங்காமல் எடுத்தாண்ட கருத்தைத் தமிழ் அறிக்கைகள் அசௌகரியம் என்று ஒதுக்குவதற்குக் காரணம் எதுவும் புலப்படவில்லை.

இது சொல் பற்றிய குறை மட்டுமன்று. இந்திய வானிலைத் துறையின் அடிப்படை வரையறைப்படி வெப்ப அலை என்று அறிவிப்பதற்குச் சமவெளியில் குறைந்தது 40 டிகிரியும் கடலோரத்தில் குறைந்தது 37 டிகிரியும் எட்டப்பட்டிருக்க வேண்டும். அத்துடன் பொதுவாக அது இயல்பைவிட 4.5 டிகிரியேனும் மிகுந்திருக்க வேண்டும். இந்த வரையறை பார்ப்பது பகலின் உச்ச வெப்பத்தை. ஈரப்பதத்துக்கு அதில் இடமில்லை. தகரக் கூரையின் கீழ் ஒரே சன்னல் உள்ள அறையில் நால்வர் படுத்திருக்கும் கடலோர வீட்டில், பகலில் 36 டிகிரியோடு நின்றுவிட்ட ஒரு நாளின் இரவு எந்த வெப்ப அலை எச்சரிக்கைக்கும் உட்படாமல் கழிகிறது. அறிக்கையில் ஈரக்குமிழ் வெப்பநிலையை ஓர் எண்ணாகச் சேர்த்து, அது மிகும் நாள்களில் "இன்றிரவு புழுக்கம் கடுமையாக இருக்கும், வெளிவேலை செய்வோரும் முதியோரும் குழந்தைகளும் கவனமாக இருக்க வேண்டும்" என்று எழுதினால், ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் அதைப் புரிந்துகொண்டு வீட்டுச் சன்னலைத் திறந்து வைக்கும். அசௌகரியம் என்று எழுதினால் அப்பிள்ளை அடுத்த செய்திக்குப் போய்விடும்.